கீலுக்கு எண்ணெய் விடவும்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 9.20. புதிய சரக்குத்துறை கட்டும் இடத்திலிருந்து தெற்கே மூன்று கிலோமீட்டரில், மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவே, முழங்காலளவுத் தண்ணீரில் ஆறு டால்பின்கள் ஒதுங்கிக் கிடந்தன. மூன்றை மதியத்துக்குள் ஆழத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று இறந்தன.

அடுத்த திங்கட்கிழமை மேலாளர் தன் அறையிலிருந்து எழுந்து அவள் மேசைக்கே வந்தார். அவர் எழுந்து வருவது அபூர்வம். வந்தால் ஏதோ ஒன்றைத் தலையில் கட்டத்தான் வருவார் என்பது மூன்றாவது மாடியில் எல்லோருக்கும் தெரியும்.

“வெள்ளிக்கிழமை விசாரணை. மூணு பேர் வர்றாங்க. பதினோராம் தேதி காலையில படகுலேர்ந்து வந்த தாள், நீங்க குடுத்த அனுமதி, ரெண்டு மாசத்துக் கடிதப் போக்குவரத்து, எல்லாத்தையும் ஒரே கோப்பாக் கட்டிக் குடுத்துடுங்க.”

“சரி சார்.”

“அன்னிக்குக் கேட்டுக்கிட்டிருந்தது உங்க கொழுந்தன். உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன்.”

“வேற யாரு சார் இருக்காங்க?”

மேலாளர் அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு நாற்காலிகளில் இரண்டு காலி. ஒன்றின் முதுகில், போன மாதம் வேலையை விட்டுப்போனவளின் சால்வை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“அதான் நானும் யோசிச்சேன்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் அந்த நாற்காலியில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். காலை ஐந்து மணிக்கு வேலை. நாலு மணிக்கு எழுந்தால்தான் சரிப்படும். பதினாறு வருடம் நாலு மணிக்கு எழுந்தவளின் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவள் முகமும் இருந்தது. பார்ப்பவர்கள் “உடம்பு சரியில்லையா?” என்று கேட்பார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பார்க்க அப்படி இருக்கிறாள், அவ்வளவுதான்.

வேலை எளிதாகச் சொல்லக்கூடியது. கடலுக்கடியில் இரும்புத் தூண்களைச் சம்மட்டி எந்திரம் வைத்து அடித்து இறக்குகிறார்கள். அந்த இடி தண்ணீரில் பல கிலோமீட்டர் போகும். டால்பினுக்குச் சத்தம்தான் கண். நெற்றிக்குள்ளிருந்து சொடுக்குச் சொடுக்காகச் சத்தத்தை முன்னால் அனுப்பி, மீனிலும் பாறையிலும் பட்டுத் திரும்பி வருவதைக் கீழ்த்தாடை வழியாக வாங்கி, எது எங்கே எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். கலங்கல் தண்ணீரிலும் கும்மிருட்டிலும் அதற்கு வழி தெரிவது இதனால்தான். பக்கத்தில் சம்மட்டி விழுந்தால் திசை தவறும், காது போகும். அதனால் அடிக்கத் தொடங்குவதற்கு நாற்பது நிமிடம் முன்பிருந்தே ஒரு சிறு படகு அங்கே போய், இயந்திரத்தை அணைத்து, தண்ணீருக்குள் மைக்கை இறக்கிக் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்பதற்குத் தனிச் சான்றிதழ் உண்டு. அது இல்லாதவர் ஹெட்போனைத் தொடக்கூடாது.

முன்பெல்லாம் கேட்பவரே தூண் அடிக்கும் மிதவையை ரேடியோவில் கூப்பிட்டு “நிறுத்துங்க” என்று சொல்லிவிடுவார். நாளுக்கு மூன்று தடவை நிறுத்த வேண்டி வந்தது. வாய்ச்சண்டை ஆனது. இப்போது கேட்பவர் மிதவையோடு பேசுவதில்லை. கேட்டதை வரிவரியாக அலுவலகத்துக்கு அனுப்புவார். சரிபார்க்கும் மேசை அதைப் பார்த்து, “தொடங்கலாம்” அல்லது “காத்திரு” என்று மிதவைக்கும் படகுக்கும் சொல்லும். அந்த மேசைதான் அவள்.

பதினோராம் தேதி 6.34-க்கு அவள் “தொடங்கலாம்” கொடுத்திருந்தாள். தாளில் அதற்கு மாறாக ஒன்றும் இல்லை. டால்பின் சொடுக்கு என்று இரண்டே வரிகள். ஐந்து வரிகள் இருந்தால்தான் காத்திருக்க வேண்டும். மிச்சமெல்லாம் இறால், இறால், படகு, இறால். இறால் கூட்டம் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல எந்நேரமும் இருக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அடிக்கத் தொடங்கியபோது ஆறு டால்பின்கள் மிதவைக்கு ஐநூறு மீட்டருக்குள் இருந்தும் கேட்பவர் கேட்கவில்லை. இதுதான் குற்றச்சாட்டு. வெள்ளிக்கிழமை அது நிரூபணமானால் கொழுந்தனின் சான்றிதழ் போகும். நாற்பத்தொரு வயதில் அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

*

கொழுந்தன் மேல்மாடியில் தனியாகக் குடியிருந்தான். சாப்பாடு மட்டும் கீழே, அண்ணன் வீட்டில். படகில் அவனுக்குக் ‘காது’ என்று பட்டப்பெயர். தற்காலிகமாக வேலை நிறுத்தப்பட்ட ஆறு நாளில் அவன் வீட்டிலிருந்த மின்விசிறிகளையெல்லாம் கழற்றித் துடைத்துவிட்டான். திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வந்தபோது, கூடத்து மின்விசிறி மேசைமேல் இறக்கையில்லாமல் கிடந்தது.

அவள் கணவன் மருந்துக்கடையில் இருப்பு பார்ப்பவன். காலணியைக் கழற்றிக்கொண்டே தம்பியைப் பார்த்தான்.

“துடைச்சது போதும்டா. அடுத்தது என்ன, கூரையைக் கழட்டப் போறியா?”

“ஏணி இல்ல. இருந்தா கழட்டுவேன்.”

“வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போற?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன்.”

“கேட்கலைங்கறதுதானே உன்மேல புகாரே.”

கொழுந்தன் சிரித்தான். அவன் சிரிப்பு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், தூரத்திலிருந்து வருவதுபோல. அவள் தட்டுகளை எடுத்து வைத்தாள். வீட்டில் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்று அவளுக்கும் அவனுக்கும் ஓர் ஒப்பந்தம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள்தான் அவனை அங்கே சேர்த்துவிட்டாள். ஒரே இடத்தில் அண்ணியும் கொழுந்தனும் இருந்தால் சாப்பாட்டு மேசையே அலுவலகமாகிவிடும் என்று முதல் நாளே பேசி முடிவு செய்தார்கள். இந்த ஆறு நாளும் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு அவளால் முடியவில்லை.

“தம்பி, கோப்பு என்கிட்டதான் வந்திருக்கு.”

“தெரியும் அண்ணி.”

“அன்னிக்கு உனக்கு உடம்பு ஏதாவது முடியலையா? சளி, காதடைப்பு, ஏதாவது? இருந்தா மருத்துவச் சீட்டு வாங்கி உள்ள வைக்கலாம்.”

அவன் மின்விசிறி இறக்கையைத் துணியால் ஒருமுறை மேலிருந்து கீழே துடைத்தான்.

“நான் எதுவும் சொல்லல அண்ணி. சொல்லவும் மாட்டேன். நீங்க அதை நெனச்சுக் கவலைப்படாதீங்க.”

அவளுக்கு அது தவறை ஒப்புக்கொள்வதாகத்தான் கேட்டது. நன்றாகக் கேட்கிறவன் ஒருநாள் அசந்துவிட்டான். வெட்கத்தில் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். அசதி யாருக்குத்தான் இல்லை என்று நினைத்தாள். கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

*

கோப்பில் ஒன்று குறைந்தது. படகில் கேட்பவர் கையால் எழுதும் நோட்டு. புதன்கிழமை ஒரு மணிக்கு வேலை முடிந்ததும் அவளே துறைமுகத்துக்குப் போனாள். பதினாறு வருடத்தில் அவள் அந்தப் படகைப் பார்த்ததே இல்லை. படகென்றாலே அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. கடல் சத்தங்களையெல்லாம் அவள் கையேட்டிலும், பயிற்சிக்குக் கொடுத்த இரண்டு மணி நேரப் பதிவிலும்தான் கற்றுக்கொண்டாள்.

படகோட்டி அறுபதை நெருங்கிய மனிதர். சட்டைப்பையில் பேனாவும் திருப்புளியும் சேர்த்து வைத்திருந்தார். நோட்டை எடுத்துக் கொடுத்தார். உட்காரச் சொன்னார். அவள் கரையில் இருந்த இரும்புக் கட்டைமேல் உட்கார்ந்தாள்.

“மேடம், நீங்கதானே ஜனவரியில கீலுக்கு எண்ணெய் விடச் சொல்லி எழுதினது?”

“ஆமா.”

“ஒரு வாரம் சிரிச்சோம் நாங்க. மேலே மூணாவது மாடியில உட்கார்ந்துக்கிட்டு இப்படி நக்கலா எழுத ஒரு ஆள் இருக்கான்னு.”

அவளுக்குப் புரியவில்லை. படகிலிருந்து வரும் தாளில் முன்பு எப்போதாவது வந்த ‘மற்றவை: கதவு’ என்ற வரி ஜனவரியில் அடிக்கடி வரத் தொடங்கியது. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு. கேபின் கதவு கிறீச்சிட்டு மைக்கில் விழுகிறது, தேவையில்லாமல் தாள் நீள்கிறது என்று அவள் ஒரு குறிப்பு அனுப்பினாள். ‘கதவுச் சத்தம் அதிகமாகப் பதிவாகிறது. கீலுக்கு எண்ணெய் விடவும்.’ மறுநாளே படகிலிருந்து பதில் வந்தது. ‘எண்ணெய் விட்டாச்சு. இனி சத்தமில்லாமல் சாப்பிடும்.’ இரண்டாவது வாக்கியம் அவளுக்கு விளங்கவில்லை. வேறெதற்கோ எழுதியது என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகும் கதவு வரிகள் நிற்கவில்லை. இருபதாம் தேதி, குறிப்பில் ‘கதவு’ என்று வரும் வரிகளைக் கணினியே நீக்கிவிடும்படி அவள் ஏற்பாடு செய்தாள்.

“நக்கல் இல்லீங்க. கதவு கத்துதுன்னு நிஜமாத்தான் எழுதினேன்.”

படகோட்டி அவளைப் பார்த்தார். பிறகு தன் படகைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கேபின் வாசலில் நீல நிறப் பிளாஸ்டிக் திரை ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கதவென்று ஒன்று அந்தப் படகிலேயே இல்லை.

“இருங்க,” என்றார் அவர்.

உள்ளே போய் ஹெட்போனையும் சின்னக் கருவி ஒன்றையும் எடுத்து வந்தார். “நான் காதுல வைக்கக்கூடாது. சான்றிதழ் இல்ல. ஆனா எட்டு வருஷமா அவன் பக்கத்துல இருக்கேன், அப்பப்ப ஒண்ணு ரெண்டு வச்சுப் பார்த்திருக்கேன். சொல்லிடாதீங்க. இது போன வருஷம் அவன் தனியா எடுத்து வச்சது.”

முதலில் இறால் வெடித்தது. அதற்குள் எங்கோ மெதுவாக டிக், டிக், டிக் என்று ஒன்று. மேசைமேல் நகத்தால் தட்டுவதுபோல. பிறகு தட்டல் நெருங்கியது. டிக்டிக்டிக் என்று ஓடியது. எண்ண முடியாமல் போயிற்று. சட்டென்று தனித்தனியாக எதுவும் இல்லை. ஒரே இழுப்பு. துருப்பிடித்த கீலில் ஒரு பெரிய கதவை யாரோ நிதானமாகத் திறந்தார்கள். க்ர்ர்ர்ர்ர். அறுந்தது. நிசப்தம். மறுபடி முதலிலிருந்து டிக், டிக்.

“மீனைத் தூரத்துல பார்க்கறப்ப மெதுவாச் சொடுக்கும்,” என்றார் படகோட்டி. “போன சத்தம் திரும்பி வந்தப்புறம்தான் அடுத்ததை அனுப்பும். கிட்டப் போகப் போக அது சீக்கிரம் திரும்பி வருது இல்லையா, இதுவும் அவசரப்படும். வாய்க்குப் பக்கத்துல மீன் வந்துட்டா செகண்டுக்கு இருநூறு, முந்நூறு. நம்ம காதுக்கு அதெல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரே கிறீச். அதான் கதவு. கதவு கேட்டா சாப்பிடுதுன்னு அர்த்தம். பல்லு வச்ச திமிங்கலமும் இப்படித்தான். ஒருதடவை ஆழத்துல கேட்டோம், பழைய கோட்டைக் கதவு மாதிரி இருந்துச்சு.”

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். கையேட்டின் ஐந்தாம் பின்னிணைப்பில் அதற்கு ‘அண்மைத் தொடரொலி’ என்று பெயர். அவள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிய சொல். பதினாறு வருடத்தில் ஒரு தாளிலும் அந்தச் சொல் வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று அவள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

“அதைச் சொடுக்குன்னே எழுதியிருக்கலாமே.”

“சொடுக்குன்னு போட்டா நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணிப் போடணும். எண்ண முடியாததைச் சொடுக்குல எழுதாதேன்னு உங்க கையேட்டுலயே இருக்காம். அதான் மற்றவையில போட்டுப் பக்கத்துல கதவுன்னு எழுதுவான். இவனுக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் எழுதினார்.”

அவள் நோட்டைத் திறந்தாள். பதினோராம் தேதி. கொழுந்தனின் சாய்ந்த கையெழுத்து. 5.52 கதவு. 5.53 கதவு. 5.55 கதவு, இரண்டு. பக்கம் முழுக்க அதே சொல்.

“அன்னிக்கு நீங்களும் இருந்தீங்கதானே? வெளிய ஏன் சொல்லல?”

“சான்றிதழ் இல்லாதவன் பேச்சு எங்க எடுபடும்? சொல்லத்தான் பார்த்தேன். காதுதான் தடுத்துட்டான். ‘இது எங்க வீட்டு விஷயம், வாயைத் தொறக்காதே’ன்னான். எனக்கு அர்த்தம் புரியல. சரின்னுட்டேன்.”

*

வியாழக்கிழமை காலை, தூண் அடிப்பு நிறுத்தப்பட்டிருந்ததால் வேலை இல்லை. ஆனாலும் ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். நீக்கிய வரிகளைக் கணினி ஒரு தனி இடத்தில் சேர்த்து வைக்கும். அவள் ஏற்பாடு செய்ததுதான். அவளைத் தவிர யாருக்கும் அது இருப்பதே தெரியாது. திறந்தாள்.

பதினோராம் தேதிக்கு இருபத்துமூன்று வரிகள். கடைசி இரண்டும் 6.34-க்குப் பிறகு வந்தவை. 6.35, கதவு, மிக அருகே. 6.37, கதவு, மிக அருகே, மறுபடி பார்க்கவும். 6.40-க்கு முதல் சம்மட்டி விழுந்திருக்கிறது.

ஜனவரி 20 வரை பின்னால் போய்ப் பார்க்கத் தொடங்கினாள். இதேபோல வேறு நாள்களும் இருந்தன. நான்கு நாள்களைப் பார்த்தவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். கண் எரிந்தது.

கோப்பைப் பார்த்தாள். எல்லாத் தாளும் அவள் பக்கம்தான் பேசின. அச்சடித்த தாளில் கதவே இல்லை. கையெழுத்து நோட்டில் இருக்கிறது. படிப்பவருக்கு அது கதவு. அவளுடைய ஜனவரிக் குறிப்பு இருக்கிறது. அதற்குப் படகின் பதில் இருக்கிறது: எண்ணெய் விட்டாச்சு. கதவென்றால் டால்பின் என்று கொழுந்தன் இனிமேல் சொன்னாலும், அப்புறம் ஏனய்யா எண்ணெய் விட்டாய் என்று கேட்பார்கள். ஒலிப்பதிவு ஒரு வாரம்தான் நிற்கும். அதுவும் செவ்வாய்க்கிழமை அழிந்துவிட்டது. அவள் வாயைத் திறக்காவிட்டால் எதுவும் வெளியே வராது.

மேலாளர் தேநீர்க் கோப்பையோடு அந்தப் பக்கம் போனார். “கோப்பு ஆச்சா?”

“ஆயிட்டிருக்கு சார்.”

“ரொம்பப் போட்டுத் திணிக்காதீங்க. தாளும் அனுமதியும் போதும். அவங்களும் சாப்பாட்டுக்குள்ள எழுந்து போகணும்னுதான் பார்ப்பாங்க.”

வீட்டுக்குப் போனபோது கொழுந்தன் மாடிப்படியில் உட்கார்ந்து பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தான். அவள் இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏண்டா சொல்லல?”

அவள் அவனை ‘டா’ போட்டது இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

“என்னன்னு சொல்றது? இருபது வரி அனுப்பறேன், நீங்க தொடங்கலாம்ங்கறீங்க. திருப்பி அனுப்பறேன், பேச்சு மூச்சில்ல. சரி, மேலேர்ந்து நெருக்கறாங்க போல, அண்ணிக்கு வேற வழியில்லன்னு நெனச்சேன். நான் கேட்டேன்னு சொன்னா நீங்க மறைச்சீங்கன்னு ஆகும். அதான் கேட்கலன்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்.”

“என்னை யாரும் நெருக்கல. எனக்கு வரவே இல்ல.”

“என்ன வரல?”

“கதவு.”

முழுக்கச் சொன்னாள். கணினி ஏற்பாடு, எண்ணெய்க் குறிப்பு, பிளாஸ்டிக் திரை. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கேட்பதுதானே அவன் தொழில். முடித்ததும் சிரிப்பு வந்தது, வழக்கம்போலத் தாமதமாக.

“அப்ப அந்தக் குறிப்பு ஜோக் இல்லையா?”

“இல்ல.”

“நான்தான் அண்ணி பதில் எழுதினேன். சத்தமில்லாம சாப்பிடும்னு. நீங்க படிச்சுச் சிரிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். எனக்கு அது ரெண்டு நாளைக்குச் சந்தோஷமா இருந்துச்சு.”

அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. வரவில்லை. ஒப்பந்தம் மட்டும் இல்லாவிட்டால் அந்த ஜனவரியிலேயே சாப்பாட்டு மேசையில் ஒரு வார்த்தை கேட்டிருப்பாள்: ஏன் தம்பி, அந்தக் கதவை மாத்தித் தொலைக்கக்கூடாதா? அவன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அதோடு முடிந்திருக்கும்.

அவள் கணவன் வந்ததும் மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அவன் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டான். மருந்துக்கடையில் காலாவதித் தேதி பார்க்கிறவனின் பொறுமை அது.

“சரி. உண்மையைச் சொன்னா இவன் தப்பிப்பான், நீ மாட்டிப்ப. சொல்லலைன்னா நீ தப்பிப்ப, இவன் மாட்டிப்பான். அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“அண்ணிக்குப் பதினாறு வருஷம்,” என்றான் கொழுந்தன். “நான் மீன்பிடிப் படகுல ஏறிக்குவேன். எங்க ஏறினாலும் எனக்குக் கடல்தான்.”

“உனக்கு வலை கட்டத் தெரியுமாடா?”

“கத்துக்கறேன்.”

“நாப்பத்தொரு வயசுல கத்துக்கறானாம். எனக்கே காது குத்தறான் பாரு.” கணவன் அவள் பக்கம் திரும்பினான். “நீ என்ன நெனக்கற?”

அவளுக்கு உயர்வான எண்ணம் எதுவும் தோன்றவில்லை. தோன்றியது இவ்வளவுதான். சான்றிதழை எடுத்துவிட்டு வேறு ஒருவனைப் படகில் உட்கார வைப்பார்கள். அவனுக்கும் படகோட்டி அதே சொல்லைத்தான் சொல்லிக் கொடுப்பார். அவனும் கதவு என்று எழுதி அனுப்புவான். இங்கே உட்கார்ந்து நீக்கிக்கொண்டிருக்க அவளால் முடியாது. நீக்காமல் விட்டால் இந்தக் கதவு திடீரென்று எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். இந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு தினமும் நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். நாலு மணிக்கு எழுவதே பெரிய பாடாக இருக்கிறது.

“எனக்குத் தூக்கம் வருது,” என்றாள். “காலையில பேசிக்கறேன்.”

“யார்கிட்ட?”

“அவங்ககிட்டதான்.”

*

விசாரணை இரண்டாவது மாடிக் கூட்ட அறையில் நடந்தது. குளிரூட்டி ஓசையிட்டதால் தலைமை வகித்தவர் அதை அணைக்கச் சொன்னார். பிறகு வியர்க்கிறது என்று போடச் சொன்னார். ஓய்வுபெற்ற பொறியாளர் அவர். இன்னொருவர் வழக்கறிஞர். மூன்றாவது, கடல் உயிரியல் படித்த ஒரு பெண். இறந்த மூன்றின் பிரேதப் பரிசோதனையில் தூண் அடித்த சத்தம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அந்தப் பெண் முதலிலேயே படித்துவிட்டார். விசாரணை அதைப் பற்றியது அல்ல, விதி மீறப்பட்டதா என்பதைப் பற்றியது என்றார் வழக்கறிஞர்.

அவள் கோப்பைக் கொடுத்தாள். அதன்மேல் தனியாக இருபத்துமூன்று வரிகள் அச்சடித்த தாள் ஒன்றையும் வைத்தாள். மேலாளர் அதை எட்டிப் பார்த்தார். அப்படி ஒரு தாள் இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“இது என்ன?” என்றார் தலைமை.

“கேட்டவர் அனுப்பினது. நான் நீக்கினது.”

“எல்லாம் கதவுன்னு இருக்கே.”

“கதவுன்னா கதவு இல்லீங்க.”

வழக்கறிஞர் பேனாவை எடுத்தார். கடல் உயிரியல் படித்த பெண் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, நேரங்களை விரலால் கீழே ஓட்டிப் பார்த்தார். 5.52, 5.53, 5.55. பாதி வரும்போதே நிமிர்ந்தார்.

“கிறீச் சத்தமா?” என்றார்.

“ஆமாங்க.”

“நீங்க கேபின் கதவுன்னு நெனச்சிட்டீங்க.”

“ஆமாங்க.”

“படகைப் பார்த்ததே இல்லையா?”

“புதன்கிழமைதான் பார்த்தேன்.”

அந்தப் பெண் வேறு எதுவும் கேட்கவில்லை. வழக்கறிஞர்தான் கேட்டார். நீக்கச் சொன்னது யார், எப்போது, எழுத்தில் இருக்கிறதா, மேலாளருக்குத் தெரியுமா. யாரும் சொல்லவில்லை, ஜனவரி 20, எழுத்தில் இல்லை, தெரியாது என்று வரிசையாகச் சொன்னாள். வேறு நாள்களிலும் இப்படி நடந்ததா என்றதற்கு நடந்தது என்றாள். எத்தனை நாள் என்றதற்கு, நாலு வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணவில்லை என்றாள். ஏன் என்று கேட்டார். முடியவில்லை என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

கொழுந்தனை அழைத்தார்கள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார்கள். அவன் அண்ணியைப் பார்த்தான்.

“வீட்டுல ஆபீஸ் பேசறதில்லீங்க,” என்றான்.

தலைமை வகித்தவருக்கு அது திமிராகப் பட்டது. “இது வீடு இல்ல,” என்றார்.

படகோட்டியையும் கூப்பிட்டார்கள். ஹெட்போன் வைத்துக் கேட்டதுண்டா என்று அவரைக் கேட்டபோது இல்லை என்றார். அது பொய். அந்த அறையில் சொல்லப்பட்ட பொய் அது ஒன்றுதான்.

ஒன்றரை மணிக்கு எழுந்தார்கள். படிக்கட்டில் மேலாளர் அவள் பக்கத்தில் ஏறினார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்,” என்றார். “சொல்லியிருந்தா வேண்டாம்னிருப்பீங்க சார்,” என்றாள். அவர் மறுக்கவில்லை. மூன்றாவது மாடி வந்ததும், “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மார்ச் 31-ஆம் தேதி உத்தரவு வந்தது. கேட்பவரின் சான்றிதழ் செல்லும். பிழையை உரிய நேரத்தில் தெரிவிக்காததற்காக எழுத்து மூலம் எச்சரிக்கை. ஏப்ரல் 3-ஆம் தேதி அவன் படகுக்குத் திரும்பினான், ஏழாம் தேதி தூண் அடிப்பு மறுபடி தொடங்கியது. சரிபார்க்கும் மேசையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். இப்போது தரைத்தளத்தில் உதிரிப்பாகக் கிடங்கில் வேலை, காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை.